தேரைக்குத் தோல்தான் வாய்

ஐப்பசி மழை நின்று பெய்யும் ராத்திரிகளில் மதுரைப் பக்கம் எங்கள் திருவாதவூரில் தெருவிளக்குக்குத் தெருவிளக்கு ஒரு தேரை வந்து உட்கார்ந்திருக்கும். மேலே ஈசல் சுற்றும். சிறகு உதிர்ந்து விழுவதைக் கீழே அது பொறுக்கித் தின்னும். அப்படி ஒரு விளக்கடியில், டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான் என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, போன்ல ஒரு தேரை பாத்தேன், ரெண்டு கையாலயும் தூக்குற அளவு இருக்கு. அத வாங்கி நம்ம வீட்ல வளக்கலாமா?" நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், மெதுவாகவே போவோம்.

அவன் பார்த்தது கரும்புத் தேரை. தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும் அதன் பூர்வீகம். 1991-இல் சுவீடனில் ஒரு வீட்டில் வளர்ந்த பிரின்சன் என்ற தேரை 2.65 கிலோ எடை இருந்தது. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2.7 கிலோவில் ஒன்றைப் பிடித்தார்கள். எடையைக் கேட்டால் வேறு ஏதோ விலங்கு போலத் தோன்றும். ஆனால் உடம்பு வேலை செய்யும் விதத்தில் அதுவும் நம் விளக்கடித் தேரையும் பங்காளிகள். நம் தேரையைப் புரிந்துகொண்டால் அதையும் புரிந்துகொள்ளலாம்.

முதலில் தவளை வேறு, தேரை வேறு. தவளைக்கு வழவழப்பான தோல், நீண்ட பின்னங்கால், நீளத் தாவல். தேரைக்குச் சொரசொரத் தோல், குட்டைக் கால், தத்தித் தத்தி நடை. வயல் ஓரத் தண்ணீரில் கொத்தாகக் கிடந்தால் பெரும்பாலும் தவளை முட்டை; கறுப்பு மணி கோத்த மாலை மாதிரி நீளமாகக் கிடந்தால் தேரை முட்டை. முட்டையிடத் தண்ணீருக்குப் போகுமே தவிர, தேரை தரையில் வாழும் பிராணி. மீன் தொட்டியில் தண்ணீரை நிரப்பி அதில் விட்டால், ஏறி உட்கார இடமில்லாமல் களைத்து மூழ்கிவிடும்.

இனி எல்லோரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருவோம். தேரையைத் தொட்டால் மரு வரும், அது மூத்திரம் அடித்தால் சொறி வரும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். காய் உள்ளே பருப்பில்லாமல் போனால் தேரை மோந்த தேங்காய். பிள்ளை மெலிந்தால் தேரை விழுந்த பிள்ளை. சத்துக் குறைவால் வாடும் பிள்ளைக்கும் மரத்துக்கும் இந்த வாயில்லாப் பிராணி மேல் பழி. மரு உண்டாவது மனிதருக்கு மனிதர் ஒட்டும் ஒரு வைரஸால். தேரையின் முதுகில் இருப்பவை மருவே இல்லை, தோலைக் காக்கும் சுரப்பிகள்.

அந்த மூத்திரக் கதையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தூக்கினால் தேரை பீய்ச்சுகிறதே, அது என்ன? பெரும்பகுதி வெறும் தண்ணீர். தேரையின் மூத்திரப்பை அதன் தண்ணீர்க் குடம். மழைக்காலத்தில் நிரப்பி வைத்து, வெயில் காலத்தில் உடம்பு அதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் மண்ணுக்குள் புதைந்து கிடப்பதற்கு அதுதான் கையிருப்பு. நாம் விளையாட்டாகத் தூக்கும்போது பயத்தில் குடத்தைக் கவிழ்த்துவிடுகிறது. நமக்குக் கை கழுவினால் தீர்ந்தது. அதற்குக் கோடைக்கான தண்ணீர் போயிற்று.

குடத்தை எப்படி நிரப்புகிறது? வாயால் இல்லை. தேரை தண்ணீர் குடிப்பதை யாரும் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் அது உட்கார்ந்து குடிக்கிறது. அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் மெல்லிய தோல் இருக்கிறது. ஈரத்தில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்தால், உலர்ந்த துணி ஈரத்தை இழுப்பது போல அந்தத் தோல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகவே நடக்கிறது.

தண்ணீரை இழுக்கும் தோல், தண்ணீரோடு வருவதையும் இழுக்கும். நம் உள்ளங்கை வியர்வை உப்பு, சோப்பு, கொசு விரட்டிக் களிம்பு, புகையிலைத் துகள் எல்லாம் அதற்கு வாயில் ஊட்டிய மாதிரி. தேரையைத் தொட்டால் நமக்கு ஆபத்து என்று பயந்தோம். உண்மையில் நம் கைதான் அதற்கு ஆபத்து. வளர்க்கிறவர் அவசியத்துக்கு எடுக்க வேண்டி வந்தால், சோப்பு போகக் கழுவி, நல்ல தண்ணீரில் நனைத்த கையால் எடுக்க வேண்டும்.

வளர்ப்பு முறை முழுக்க இதிலிருந்தே வருகிறது. அகலமான தொட்டியில் தென்னை நார்த்தூளைப் பரப்ப வேண்டும். அதிலும் உப்பு இருக்கும், பல தண்ணீர் மாற்றி அலசியபின் போட வேண்டும். ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானையில் பாதி. வயிறு நனையும் அளவு ஆழமில்லாத தட்டில் தண்ணீர், தினமும் புதிதாக. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரும் வேண்டாம். செம்புப் பாத்திரம் கூடவே கூடாது. நமக்கு நல்லது என்று வைக்கும் செம்பு அதற்கு நஞ்சு.

சாப்பாடு சுலபம் போலத் தெரியும். கரப்பான், சில்வண்டு, மண்புழு என்று நெளிவதை எல்லாம் பிடிக்கும். விழுங்கும்போது பக்கத்தில் குனிந்து பாருங்கள், கண் இரண்டும் மூடி உள்ளே அமிழும். அந்தக் கண்ணே உள்ளிருந்து இரையைத் தொண்டைக்குத் தள்ள உதவுகிறது. ஆனால் மருந்தடித்த அடுக்களைக் கரப்பானும், மருந்தடித்த வயல் பூச்சியும் கொடுத்தால் அந்த மருந்து தேரைக்கும் போகும். பூச்சியில் கால்சியம் குறைவு. ஊர்வனவற்றுக்கென்று விற்கும் கால்சியம் தூளைப் பூச்சி மேல் தூவிக் கொடுக்காவிட்டால் எலும்பு வளைந்துபோகும். வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள், அது வாயைப் புண்ணாக்கிவிடும். வளர்ந்த தேரைக்கு வாரம் இரண்டு, மூன்று முறை போதும். வைத்ததை எல்லாம் விழுங்குகிறது என்பதற்காக வைத்துக்கொண்டே இருந்தால் கொழுத்து நோயாளியாகிவிடும்.

நிஜமான விஷம் ஒன்றும் உண்டு. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் இரண்டு சுரப்பிகளில் பால் மாதிரிக் கசியும். கரும்புத் தேரையைக் கவ்விய நாய்கள் இதயம் தாறுமாறாகி இறந்திருக்கின்றன. அதனால் தொட்டபின் கையைக் கழுவ வேண்டும், கண்ணைத் தேய்க்கக் கூடாது. நாயும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு இது ஆகாது.

மதுரை வெயிலையும் யோசிக்க வேண்டும். கரும்புத் தேரைக்கு ஏற்றது 25 முதல் 28 டிகிரி. கத்திரியில் நம் பக்கம் 40 தொடுகிறது. வெளிநாட்டு விலங்கை உயிரோடு கொண்டுவர வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமமும் நோய்ப் பரிசோதனையும் வேண்டும். அவை இல்லாமல் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவரப்படும் விலங்குகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது. அந்தப் பயணத்தில் செத்தவை எத்தனையோ. என் அக்கா மகனிடம் வேண்டாம் என்றே சொன்னேன். திண்ணை ஓரத்தில் ஒரு மண் தட்டில் தண்ணீர் வை, வருகிற தேரையைத் தொடாமல் பார் என்றேன். வைத்திருக்கிறான், இரண்டு வருகின்றன.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு, வெளியே விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கரும்பு வண்டை ஒழிக்கவென்று 1935-இல் ஹவாயிலிருந்து சுமார் நூறு கரும்புத் தேரைகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். வண்டு ஒழியவில்லை, தேரையைத் தின்ற பாம்பும் உடும்பும் அங்கே கூட்டமாகச் செத்தன. நம் விளக்கடித் தேரையின் இனமே ஆசியாவிலிருந்து மடகாஸ்கரின் துறைமுக ஊர் ஒன்றில் போய் இறங்கி, 2014-இல் தெரியவந்தபோது பெருகிவிட்டிருந்தது. ஒரு கரும்புத் தேரை ஒரு தடவையில் பல்லாயிரம் முட்டை இடும். வளர்க்க முடியாமல் போனால் வனத்துறையிடம் சொல்லுங்கள். பாவம் பிழைத்துப் போகட்டும் என்று பெரியாற்றுக் கால்வாயில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.