ஐந்து கிலோ கரியும் இரண்டு சதுர மீட்டர் வெயிலும்

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் சங்கராபுரம் கடைவீதியில் நடந்து பாருங்கள். ஜவுளிக் கடையில் கூட்டம், பலகாரக் கடையில் கூட்டம். இவற்றுக்குக் குறையாத கூட்டம் தெருமுனை இஸ்திரி வண்டியைச் சுற்றியும் நிற்கும். "அண்ணே, எங்க வீட்டுத் துணி ஆச்சா?" என்று நாலு பேர் ஒரே சமயத்தில் கேட்பார்கள். வண்டிக்காரர் பதில் சொல்ல நேரமில்லாமல் பெட்டியைத் திறந்து, இரண்டு கை கரியை அள்ளிப் போட்டு, விசிறிவிட்டு, மறுபடி தேய்க்கத் தொடங்குவார்.

மாணவ நண்பர்களே, இந்தக் காட்சியை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கரி பிடிக்கும் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

யோசித்த மாணவி ஒருவர் உண்டு. அவர் வெகு தூரத்தில் இருப்பவர் அல்லர். சங்கராபுரத்தில் பஸ் ஏறி, மூங்கில்துறைப்பட்டு வழியாக வடக்கே போனால் திருவண்ணாமலை வந்துவிடும். அந்த ஊர்க்காரர்தான் வினிஷா உமாசங்கர். பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், இஸ்திரிக்காரர் ஒருவர் எரிந்து தீர்ந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைக் கண்டார். நாமாக இருந்தால் காலில் சூடு படாமல் ஒதுங்கிப் போயிருப்போம். அவரோ கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 கிலோ கரி என்று வந்தது.

அந்த 5 கிலோவை எடுத்துக்கொண்டு நாமும் கணக்குப் போடலாமே! பத்தாம் வகுப்பு வேதியியல் போதும்.

முதலில், கரி எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் பெரும்பாலும் சீமைக்கருவேல மரத்திலிருந்து. இராமநாதபுரம், சிவகங்கை பக்கம் போனால் கரிமூட்டங்களைக் காணலாம். விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே மண் பூசி, காற்று அதிகம் புகாதபடி நாட்கணக்கில் புகையவிடுவார்கள். விறகிலுள்ள நீரும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் வெளியேறிவிட, கரி மிஞ்சும். மண் மூட்டத்தில் ஒரு கிலோ கரிக்கு நாலிலிருந்து ஆறு கிலோ விறகு வேண்டும். ஆகவே நம் வண்டிக்காரரின் 5 கிலோ கரிக்குப் பின்னால் சுமார் 25 கிலோ விறகு இருக்கிறது.

நல்ல கரியில் ஏறத்தாழ 80 சதவிகிதம் கார்பன். 5 கிலோவில் 4 கிலோ. 12 கிராம் கார்பன் முழுமையாக எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். 4 கிலோவுக்கு? 14 கிலோவுக்கு மேல்! பெட்டிக்குள் போட்டதைப் போல மூன்று மடங்கு எடை, கண்ணுக்குத் தெரியாமல் தெருவில் கலந்துவிடுகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து சேர்ந்த பிராணவாயுவினுடையது.

"சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் தளிர்க்குமே, வெளியிட்ட வாயுவை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளாதா?" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆனால் கரிமூட்டத்திலிருந்து கரியமில வாயு மட்டும் வருவதில்லை. கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேனும் வருகிறது. தவிர, மரம் தளிர்ப்பதால் வண்டிக்காரரின் நுரையீரலுக்கு ஒரு லாபமும் இல்லை. கனன்று எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிப்படுகிறது. நமது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் அது கலைந்து போகும் என்றாலும், நாள் முழுவதும் பெட்டிக்கு மேல் குனிந்து நிற்பவருக்குத் தலைவலி வராமல் இருக்குமா? (கனலும் கரியை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து.)

கூரையில் ஒரு மின் நிலையம்

கரிப்பெட்டி இன்னும் ஒழியாததற்குக் காரணம் எளிது. தெருவில் நிற்கும் வண்டிக்கு மின் இணைப்பு ஏது? வினிஷா பிடித்தது இந்த முடிச்சைத்தான். வண்டிக்கு மேலே எப்படியும் ஒரு கூரை வேண்டும், அந்தக் கூரையே சூரிய மின்தகடாக இருந்தால் என்ன? தகடு தரும் மின்சாரம் மின்கலத்தில் சேரும். மின்கலம் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கும். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் மின்கலம் நிறைந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது அவரது வடிவமைப்பு. கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதியும் வைத்தார். வண்டிக்காரருக்கு அதிலும் நாலு காசு கிடைக்கும் அல்லவா?

இது நடக்கிற காரியமா என்று சோதித்துப் பார்ப்போம். நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1000 வாட் ஆற்றல் விழுகிறது. நல்ல மின்தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். இரண்டு சதுர மீட்டர் கூரையென்றால் 400 வாட். ஐந்து மணி நேரத்தில் 2000 வாட்-மணி, அதாவது வீட்டு மீட்டர் கணக்கில் 2 யூனிட். இஸ்திரிப் பெட்டியோ 1000 வாட்! அப்படியானால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடுமே?

தீராது. வீட்டில் அம்மா தேய்க்கும்போது பெட்டியிலுள்ள சிறு விளக்கைக் கவனியுங்கள். எரியும், "டிக்" என்ற சத்தத்தோடு அணையும், மறுபடி எரியும். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று இருக்கிறது. சூடானால் ஒரு உலோகம் அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும். பட்டை வளைந்து மின் இணைப்பைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து சேர்க்கும். பெட்டி மூன்றில் ஒரு பங்கு நேரமே மின்சாரம் குடிப்பதாக வைத்துக்கொண்டால், 2 யூனிட் ஆறு மணி நேரத்துக்கு வந்துவிடுகிறது. இது நாம் போட்ட உத்தேசக் கணக்கு; ஆயினும் வினிஷாவின் கணக்கோடு ஒத்துப்போகிறது.

தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் மாதிரி வண்டியைச் செய்ய உதவினார்கள். 2020இல் ஸ்வீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு வந்தது. 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான 15 பேரில் ஒருவரானார். அவ்வாண்டு நவம்பர் 2ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார். கோபப்பட நேரமில்லை, வேலை செய்யவே விரும்புகிறேன், நீங்கள் தாமதித்தாலும் நாங்கள் செய்வோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். அதற்கு இரண்டே நாள் கழித்து, 4ஆம் தேதி, நம் ஊரில் தீபாவளி. கரிப்பெட்டிகள் ஓயாமல் கனன்றுகொண்டிருந்த நேரம் அது!

மழைக்காலப் பண்டிகை

ஒரு சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். கல்வராயன் மலையில் மேகம் இறங்கி மலையே மறைந்திருக்கும் நாளில், நம் 400 வாட் தகடு நூறு வாட் தந்தாலே பெரிது. ஐந்து மணி நேரத்துக்கு அரை யூனிட், அதாவது ஒன்றரை மணி நேர வேலை. துணி மலைபோல் குவியும் நாளில் வெயில் கைவிட்டுவிடுகிறது. மின்கலத்தை வீட்டு மின்சாரத்திலும் ஏற்றிக்கொள்ளலாம் என்று வினிஷா வழிவைத்தது இதனால்தான். பொங்கலுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஜனவரி நடுவில் மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிடும்.

விலையும் ஒரு தடை. கரிப்பெட்டி வாங்கும் பணத்தில் தகடும் மின்கலமும் வாங்க முடியாது. கடனோ மானியமோ இல்லாமல் இந்த வண்டி தெருவுக்கு வராது என்பது என் எண்ணம்.

"இஸ்திரியே போடாமல் இருந்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. 2024இல் நமது அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் ஊழியர்கள் திங்கட்கிழமைகளில் இஸ்திரி போடாத உடையில் அலுவலகம் வந்தார்கள். மின்சாரம் மிச்சந்தான். ஆனால் எல்லாரும் கசங்கிய சட்டையோடு பண்டிகை கொண்டாடினால் தெருமுனை அண்ணன் வீட்டில் பண்டிகை ஏது? அவருடைய வருமானத்தை விட்டுவைத்து கரியை மட்டும் எடுத்த யோசனை என்பதால் எனக்கு வினிஷாவின் வழியே பிடித்திருக்கிறது.

அரையாண்டு விடுமுறையில் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் வேலை குறைவான நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். காலையில் கரிச் சாக்கை எடை போடுங்கள், மாலையில் மறுபடி போடுங்கள். எத்தனை துணி தேய்த்தார் என்றும் கேட்டு, ஒரு துணிக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்று கணக்கிடுங்கள். துணியை நன்றாக உதறிக் காயவைத்து மடித்துத் தந்தால் ஒரு துணிக்கு ஆகும் கரி குறைகிறதா என்பதையும் அவர் ஒத்துழைத்தால் சோதிக்கலாம். பிறகு பொங்கலுக்கு முதல் நாள் இன்னொரு முறை எடை பாருங்கள். அன்று அவர் அவசரத்தில் இருப்பார். தராசை நீங்களே கொண்டுபோவது நல்லது.