படகுக்கு ஒரு குடை

மார்க்கெட்டுக்குப் போகவே நாம் குடையைத் தேடுகிறோம். மெரினாவுக்கு அருகே நொச்சிக்குப்பம் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலும் கூரையே இராது!

சிக்கனம் மட்டுமல்ல காரணம். வலை வீசவும் இழுக்கவும் தலைக்கு மேல் வெட்டவெளி வேண்டும். தவிர, கூரை என்பது காற்றுக்குப் பாய் மாதிரி. சிறு படகைச் சாய்த்துவிடும்.

ஆனால் வெயில் சும்மா விடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் கடலில் உழைப்பவர்களுக்கு, வெள்ளை விழியில் மூக்கோரமாகச் சதை வளர்ந்து கருவிழியின் மேல் படர்வதுண்டு. டெரிஜியம் என்பார்கள் டாக்டர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் முக்கிய காரணம். முற்றினால் பார்வையே மங்கும்.

தூண்டில்காரருக்குக் கூரை ஓரளவு சாத்தியம். பஹாமாஸ் நாட்டில் பிமினி என்று ஒரு தீவுக்கூட்டம். அதன் பெயராலேயே வழங்கும் மடக்குக் கூரையில் குழாய் வளைவுகளின் மேல் துணி போர்த்தியிருக்கும்; வேண்டாதபோது மடக்கிச் சாய்த்துவிடலாம். குழாய் அலுமினியமாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும்; சாதாரண இரும்பை உப்புக் காற்று தின்றுவிடும். துணிக்குத் தார்ப்பாய் மலிவுதான், ஆனால் காற்றில் உப்பிக்கொள்ளும். நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல்வலை காற்றை விட்டுக் கொடுக்கும். மழைக்கு மட்டும் உதவாது. எதுவானாலும் தாழ்வாகக் கட்டவேண்டும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழவேண்டும். திடீர்க் காற்று சொல்லிக்கொண்டா வருகிறது?

கூரை போட்டாலும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்து வரும். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவரைக் கண்டால், "சினிமாக்காரர் போகிறார், பாருடி!" என்று மட்டும் சிரித்துவிடாதீர்கள்.