ஆசிரியருக்கும் பள்ளிக்கூடம் உண்டு

"நாளை ஆசிரியைக்குப் பயிற்சி, வகுப்புக்கு வரமாட்டார்" என்று ஒரு செய்தி பரவினால் நாம் என்ன செய்வோம்? உண்மையைச் சொன்னால் உள்ளூர மகிழ்வோம். அந்தப் பயிற்சியில் என்ன நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாங்களும் எண்ணியதில்லை. சென்ற கோடை விடுமுறையில், பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து வந்து எங்களோடு படிக்கும் தோழியர் சிலர், தங்கள் குப்பத்துத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையிடம் எங்களை அழைத்துச் சென்றனர். அவர் சொன்னவற்றையும், பின்னர் நாங்கள் படித்தறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

பழவேற்காடு என்றதும் பூநாரைகளும், டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டையும்தான் பலருக்கு நினைவு வரும். நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. ஆனால் அங்கே வாழும் மீனவருக்கு ஏரி என்றால் முதலில் 'பாடு'. துன்பம் என்று பொருள் கொள்ள வேண்டாம். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குத்தான் அங்கே பாடு என்று பெயர். முறை வந்த நாளை யாரும் விடமாட்டார்கள். இறால் நன்றாகப் படும் நாட்களில் அப்பா ஏரியில் இருப்பார். அம்மா கூடையோடு சந்தைக்குப் போய்விடுவார். தொட்டிலில் கிடக்கும் தம்பியை யார் பார்ப்பது? மூத்த பெண்தான். அவளுக்கு வயது எட்டாக இருக்கும். இருளர் குடும்பங்களில் பெண்கள் ஏரியில் இறங்கி இறாலைக் கையாலேயே தடவிப் பிடிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் நிலையும் இதுவே.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கு வருகிறாள். அவள் விட்டது நான்காம் பாடம். வகுப்பு நிற்பதோ ஏழாம் பாடத்தில். ஒன்றும் புரியாது. "ஏன் வரவில்லை?" என்ற கேள்விக்கும் சொல்ல முடிந்த பதில் இல்லை. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் அவள் பிறகு வரவேமாட்டாள். "பிள்ளைகள் நின்றுபோவது வறுமையால் என்று சொல்லிவிட்டு நாங்கள் சும்மா இருந்தோம். பாதி எங்கள் பாடம் நடத்தும் முறையால் என்பது எனக்குத் தெரியப் பதினைந்து ஆண்டு ஆயிற்று" என்றார் அந்த ஆசிரியை. தம் குறையைத் தாமே சொன்னது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

தமிழ் இலக்கணம் படிக்கும் நமக்கு நன்னூல் தெரியும். அதை எழுதிய பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை சொன்னதோடு நிற்கவில்லை. ஆசிரியராகத் தகாதவருக்கும் உவமை சொன்னார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீரூற்றி வளர்க்க, வளைந்துபோய் அடுத்த வீட்டில் காய் உதிர்க்கும் தென்னை அது. வகுப்பு முழுவதற்கும் உரிய ஆசிரியர் முன்வரிசைக்கு மட்டும் பாடம் சொன்னால் அதுவும் முடத்தெங்குதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் வளைந்த தென்னையை நிமிர்த்துவது எப்படி? அதற்குத்தான் பயிற்சி.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்போது ஒன்றியந்தோறும் வட்டார வள மையமும், அதற்குக் கீழே சில பள்ளிகளுக்கு ஒன்றாகக் குறுவள மையமும் வந்தன. பழவேற்காட்டுப் பள்ளிகள் மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்தவை. தொடக்கத்தில் நடந்த பயிற்சிகளைப் பற்றி ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒருவர் பேசுவார், நாங்கள் எழுதுவோம், மாலையில் தேநீர். 'பேசிக்கொண்டே இருக்காதீர்கள், பிள்ளைகளைச் செய்ய விடுங்கள்' என்பதையே மூன்று மணி நேரம் பேசுவார்கள்!"

அந்த வழக்கம் மாறியது செயல்வழிக் கற்றல் வந்தபோது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி வேலியில், சுற்றுப்புறக் கிராமப் பிள்ளைகளுக்காக அட்டைகளைக் கொண்டு பாடம் நடத்தும் ஒரு முறையை உருவாக்கியிருந்தனர். சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே சென்று பார்த்து வந்தனர். 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அம்முறை தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது பரவியது. குப்பத்துப் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது.

அதன் அமைப்பைச் சற்று விளக்குகிறோம். பாடம் முழுவதும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஓர் ஏணியின் படமாகச் சுவரில் தொங்கும். ஒவ்வொரு படிக்கும் சில அட்டைகள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம். அறிமுகத்துக்கு ஓர் அட்டை, பயிற்சிக்குச் சில, மதிப்பீட்டுக்கு ஒன்று, தவறினால் குறை தீர்க்க வேறொன்று. பிள்ளை தானே வந்து ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, அட்டையை எடுத்து, உரிய குழுவில் அமரும். ஆசிரியர் முழுதும் உதவும் குழு ஒன்று. சற்று முன்னேறிய பிள்ளை கூட இருந்து உதவும் குழு வேறொன்று. முதல் நான்கு வகுப்புகளும் கலந்தே அமர்வார்கள். சுவரின் அடியில் பிள்ளைகள் எழுதத் தாழ்ந்த கரும்பலகை. தலைக்கு மேல் அவர்கள் வரைந்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். நாற்காலிக்கு வேலை இல்லை. ஆசிரியரும் பாயில்தான் அமர வேண்டும்.

பத்து நாள் வராத பெண் இப்போது திரும்பி வந்தால்? அவள் விட்ட படியில் அவளுடைய அட்டை காத்திருக்கும். எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா இப்படிப் படித்தவர். தம்பி பிறந்தபோது ஒரு மாதம் போகவில்லையாம். "போன அன்றைக்கே என் அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை" என்று அவர் சொன்னதை எங்களால் மறக்க முடியவில்லை.

ஆசிரியருக்கு இது எளிதாக இருந்ததா? இல்லை. பயிற்சியில் அவர்களையே தரையில் அமர்த்தி, பிள்ளைகளைப் போல அட்டை எடுத்துச் செய்யச் சொன்னார்களாம். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் முழங்கால் வலியோடு முணுமுணுத்தார்கள். வகுப்பில் ஓயாத சத்தம். "புத்தகம் எங்கே? வீட்டுப்பாடம் எங்கே?" என்று பெற்றோர் கேட்டார்கள். அட்டைகள் கிழிந்தன, உப்புக் காற்றில் நமுத்தன. படிக்கத் தெரியாமலே அட்டையைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த படிக்குத் தாவிய பிள்ளைகளும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் தனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று என்றார் ஆசிரியை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். பயிற்சி வேண்டும் என்பவர்கள் இதையும் நினைக்க வேண்டாமா?

பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பது புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதையே தம் பள்ளியில் செய்ய நினைத்தார். ஆசிரியர்கள் இசையவில்லை. ஆகவே மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் இதைப் பற்றி அவர் இலண்டனில் நூல் வெளியிட்ட பின், 'சென்னை முறை' என்ற பெயரோடு அது பல நாடுகளுக்குச் சென்றது. மணலுக்குப் பஞ்சமில்லாத பழவேற்காட்டில் இதைக் கேட்டபோது எங்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. பத்து நாள் விட்ட பெண்ணின் கதை அப்போது மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் நேர்ந்துவிட்டது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இதில் பிள்ளையின் வகுப்பைப் பாராமல் அதன் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பருவந்தோறும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வைத்தார்கள். அட்டைகள் போய்ப் பயிற்சி நூல்கள் வந்தாலும், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்ற எண்ணம் பழையதுதான்.

விடைபெறும்போது ஆசிரியை எங்களைக் கேட்டார்: "பத்தாம் வகுப்பில் ஒரு பெண் பத்து நாள் வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" எங்கள் குறிப்பேட்டைக் கொடுத்து, பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வோம் என்றோம். "எழுதியது புரிந்ததா என்று யார் கேட்பது?" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதுவரை யாரும் கேட்டதில்லை.