மைனருக்கு ஒரு ஸ்ராட்டர்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. அப்பாவின் வாடகைக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, முன்பக்க ஓட்டையில் ஹாண்டிலைக் கொடுத்துச் சுற்றுவார். "பெருவிரலைச் சுத்திப் பிடியாதை தம்பி, எஞ்சின் திருப்பி அடிச்சா கை போயிடும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நல்ல பற்றறி கிடைக்காத காலம். ஸ்ராட்டர் காரில் இருந்தும் இல்லாத சாமானாகக் கிடந்தது.

அந்த மொறிஸ் மைனர் இன்று என்னிடம் இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் வகை அது. எங்களுடையது 1958ஆம் ஆண்டுக் கார், 948 சிசி எஞ்சின். போன மாரியில் ஒரு காலை ஸ்ராட்டர் குமிழை இழுத்தேன். எஞ்சின் அரைச் சுற்று முனகிவிட்டு நின்றது. பற்றறி புதியது. ஹாண்டில் டிக்கியில் இருந்தது, ஆனால் அதை எடுக்க எனக்கு மனமில்லை.

கராச் ஐயா வந்தார். "முதல் பற்றறியின்ரை ஏத் வயரைக் கழட்டும்" என்றார். பழைய மைனரில் பொசிற்றிவ் முனைதான் ஏத். அதை முதலில் கழற்றிவிட்டால் பிறகு ஸ்பனர் பொடியில் முட்டினாலும் பொறி பறக்காது. ஸ்ராட்டரைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ற்றுகள். மேலே உள்ளதை எளிதாக எடுக்கலாம். கீழே உள்ளதைக் கையால் தடவித்தான் தேட வேண்டும். எல்லாம் அங்குல அளவு, மில்லிமீற்றர் ஸ்பனர் போட்டால் தலை மழுங்கிவிடும்.

கழற்றிய லூக்காஸ் மோட்டரில் காபன் புருசுகள் தேய்ந்து கட்டையாகி, செப்பு உருளை கறுத்திருந்தது. தண்டின் புரியில் கிளச் தூசி எண்ணெயோடு சேர்ந்து பசையாகியிருந்தது. அந்தப் புரியில்தான் இந்த மோட்டரின் வித்தையே இருக்கிறது. மோட்டர் சட்டெனச் சுழலும்போது சின்னப் பற்சக்கரம் தன் பாரத்தால் பின்தங்கும். அப்படிப் பின்தங்குவதாலேயே புரிவழியே நகர்ந்து பிளைவீலின் பற்களைக் கவ்வும். எஞ்சின் பற்றியதும் பிளைவீல் அதை முந்தி, வந்த வழியே உதறிவிடும். புரி ஒட்டினால் மோட்டர் வெறுமனே சுற்றி இரையும். "எண்ணெய் மட்டும் போடாதேங்கோ" என்று ஐயா கண்டிப்பாகச் சொன்னார். மண்ணெண்ணெயில் கழுவி உலர விட்டாலே போதும்.

பழுதுபார்த்த வேறொரு ஸ்ராட்டரைப் பூட்டினோம். அது நெகற்றிவ் ஏத் காரில் இருந்து கழற்றியது என்றறிந்து எனக்குப் பயம், பின்பக்கமாகச் சுற்றுமோ என்று. சுற்றாது. உள்ளே சுருளுக்கும் ஆமேச்சருக்கும் ஒரே மின்னோட்டம்தான் போகிறது. முனை மாறினால் இரண்டும் சேர்ந்து மாறும், சுழலும் திசை அப்படியே இருக்கும்.

குமிழை இழுத்தேன். அதே முனகல்! சுட்ட ரப்பர் மணம் வந்தது. ஐயா டாஷ்போட்டின் அடியில் கைவைத்து, வெடுக்கென்று எடுத்தார். சோக் கேபிள் கொதித்தது.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பருக்குள் மின் போகாது. ஸ்ராட்டருக்குள் போன மின் பற்றறிக்குத் திரும்ப கியர் பொக்ஸில் இருந்து பொடிக்கு ஒரு பின்னல் வயர் வேண்டும். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சேற்றுக்குள் அது பச்சைத் தூளாகி, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். திரும்ப வழியில்லாத மின், டாஷ்போட்டில் இருந்து காபரேற்றருக்குப் போகும் மெல்லிய சோக் கேபிள் வழியே ஓடியிருக்கிறது. ஸ்ராட்டருக்குச் சுமார் 200 அம்பியர் வேண்டுமென்று வையுங்கள். வழியில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ற் அங்கேயே தொலைந்துவிடும். மைனரிடம் இருப்பது 12 வோல்ற்தான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஸ்ராட்டருக்குக் காசு செலவழிக்க முன் இந்த வயரைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

பொடியில் பூச்சைச் சுரண்டி வெள்ளி இரும்பு தெரியவைத்து, புதுப் பின்னல் வயரை இறுக்கினோம். பற்றறி முனைகளையும் தேய்த்தோம். குமிழை இழுத்த கையோடு எஞ்சின் பற்றியது. அப்பா விறாந்தையில் இருந்து எழும்பி வந்து, ஒன்றும் பேசாமல் குனிந்து சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது.