பதினொரு பேரும் பன்னிரண்டாவது ஆசாமியும்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு டீக்கடை. மாலை ஏழு மணி. பெஞ்சியில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு பேர் கையிலும் செல்போன். டீ ஆறிக்கொண்டிருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. திடீரென்று ஒருவர், "டாஸ் போட்டாச்சு!" என்று கத்துகிறார். அவ்வளவுதான்! பெஞ்சியே கலகலக்கிறது.

"நம்ம ஆளு இன்னிக்கும் இறங்கலையா?"

"அவரை எடுத்துட்டு இவரைப் போடு!"

"வேணாம்பா, காப்டனை மாத்து!"

ஏழு இருபத்தைந்துக்கு எல்லாரும் மௌனமாகிறார்கள். இனி மாற்ற முடியாது. ஏழரைக்கு ஆட்டம். ஆடுகிறவர்கள் எங்கோ சேப்பாக்கத்திலோ ஆமதாபாத்திலோ இருக்கிறார்கள். ஆனால் தோற்கப் போகிறவர்கள் இந்த பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவர்கள்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இது கற்பனைக் கோஷ்டி விளையாட்டு. அன்று மோதும் இரு கோஷ்டிகளிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி, உங்களுக்கென்று பதினொரு பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு விலை; மொத்த விலை நூறைத் தாண்டக்கூடாது. ஆகவே எல்லாப் பெரிய ஆசாமிகளையும் அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது. அவர்கள் மைதானத்தில் எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் காட்சுக்கும் உங்களுக்குப் புள்ளிகள். நீங்கள் காப்டன் என்று குறித்தவருக்கு இரட்டைப் புள்ளி. உபகாப்டனுக்கு ஒன்றரை மடங்கு. பந்தைத் தொடாமலே நீங்களும் ஒரு மானேஜர்!

இந்த விளையாட்டு கிரிக்கெட்டில் பிறந்ததல்ல; பேஸ்பாலில் பிறந்தது. டேனியல் ஓக்ரெண்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1980-ல் நியூயார்க்கில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இதற்கு ஒரு சங்கம் வைத்தார். அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவு விடுதியின் பெயரையே விளையாட்டுக்கும் வைத்துவிட்டார்கள்: ரோட்டிசரி. பிறகு அது கோடிக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதைக் கண்டுபிடித்த ஓக்ரெண்ட் தம் சங்கத்தில் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. விதிகளை எழுதியவருக்கே விளையாட்டு வசப்படவில்லை!

நம் நாட்டில் 2008-ல் ஹர்ஷ் ஜெயின், பவித் ஷேத் என்ற இரு இளைஞர்கள் டிரீம் லெவன் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தார்கள். 2023-ல் அந்தப் பெயர் இந்தியக் கோஷ்டியின் சட்டையிலேயே ஏறியது. டீக்கடைக்கு அது வந்து சேர எத்தனை நாள் ஆகும்?

மில் அண்ணனின் நோட்டு

எங்கள் டீக்கடைச் சங்கத்தில் பன்னிரண்டு பேர். எனக்கு அது சொந்த ஊர் என்பதால் சென்னையில் இருந்துகொண்டே நானும் ஓர் அங்கத்தினன். பணம் கிடையாது, சீசன் முடிவில் கடைசியாக வருகிறவர் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும், அதுதான் பந்தயம். 2023-ல் ஆரம்பித்தோம்.

கணக்கு வைத்துக்கொள்பவர் நெல் அரவை மில்லில் கணக்கு எழுதுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அவர் மில் அண்ணன். அவர் ஒரு காரியம் செய்தார். தம் கோஷ்டியை எழுதும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதினார். மறுநாள் காலையில் அதற்கு எதிரே எத்தனை புள்ளி என்று எழுதினார். மில்லில் வரவு செலவு எழுதும் அதே நீள நோட்டு!

சீசன் முடிந்து நோட்டைப் புரட்டியபோது அண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். "ஆட்டக்காரனைப் பத்தி நான் ஒண்ணும் எழுதலே தம்பி. பூராவும் என்னைப் பத்தித்தான் எழுதியிருந்தேன்" என்றார்.

சென்னைக் கோஷ்டி ஆடும் நாளெல்லாம் அவர் காப்டன் தோனி. காரணம் என்ற இடத்தில், "தல" என்று ஒரே சொல். 2023-ல் சென்னைக் கோஷ்டி பதினாறு ஆட்டம் ஆடிக் கோப்பையையும் வென்றது. ஆனால் அந்தப் பதினாறு ஆட்டங்களிலும் சேர்த்து தோனி சந்தித்த பந்துகள் 57. எடுத்த ரன்கள் 104. கடைசி ஓவரில் வந்து இரண்டு சிக்ஸர் அடித்துவிட்டுப் போவார், சேப்பாக்கம் அதிரும், டீக்கடையும் அதிரும். அண்ணனின் நோட்டில் மட்டும் புள்ளி ஏறாது. காட்சும் ஸ்டம்பிங்கும் கொஞ்சம் ஈடு கட்டும், அவ்வளவுதான். மறு வருஷம் பதினான்கு ஆட்டத்தில் 73 பந்து, 161 ரன். அடித்த வேகம் அபாரம். ஆனால் ஆட்டத்துக்கு ஐந்து பந்து பிடிக்கிற ஒருவரை இரட்டைப் புள்ளிக்குக் காப்டன் ஆக்குவது கணக்குப்பிள்ளை செய்கிற காரியமா?

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? அவர் அடிச்சு, நான் வேற ஒருத்தனைக் காப்டனா வெச்சிருந்தா ராத்திரி தூக்கம் வராது தம்பி. புள்ளி போனா பரவாயில்லே."

இதைப் பலவீனம் என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கற்பனைக் கோஷ்டியை ஜெயிப்பதற்காக ஒருவர் வைத்துக்கொள்கிறார். இன்னொருவர் சந்தோஷத்துக்காக வைத்துக்கொள்கிறார். இரண்டில் எது நமக்கு வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. 2024-லும் தோனியை எடுத்தார். ஆனால் காப்டன் ஆக்கவில்லை. "வீட்டிலே ஒரு ஆளா இருக்கட்டும், பெட்டிச் சாவி வேணாம்" என்றார்.

நடராஜன் விஷயம் இன்னும் நெருக்கமானது. சேலம் சின்னப்பம்பட்டியில் பிறந்தவர். ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில், 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில், மூன்று வகை சர்வதேச ஆட்டத்திலும் அறிமுகமானவர். நம் பக்கத்துப் பிள்ளை என்றால் கள்ளக்குறிச்சிக்கு உச்சி குளிராதா? 2024-ல் அவர் 19 விக்கெட் வீழ்த்தினார். பாசமும் பலித்தது, புள்ளியும் பலித்தது. அதுதான் ஆபத்து! 2025-ல் டெல்லிக் கோஷ்டி அவரைப் பெரிய விலைக்கு எடுத்தது. ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் களத்தில் இறங்கவே இல்லை. எங்கள் சங்கத்தில் நான்கு பேர் டாஸ் வரை அவருக்காகக் காத்திருந்து, அவர் பெயர் இல்லை என்றதும் அவசர அவசரமாகக் கைக்குக் கிடைத்தவரைப் போட்டு, மறுநாள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு தடவை பலித்த பாசத்தை விடுவது, பலிக்காத பாசத்தை விடுவதைவிடக் கடினம்.

மலைமேல் ஒரு வாத்தியார்

எங்கள் சங்கத்தில் 2023-லும் 2024-லும் முதலாவதாக வந்தவர் டீக்கடைக்கு வராதவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ் வாத்தியார். அவருடைய ரகசியத்தைக் கேட்டுவரப் புறப்பட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, வளைந்து வளைந்து ஏறுகிறது மலைப்பாதை. மேலே போனால் மரவள்ளிக் காடும் சாமை வயலும். கையிலிருந்த செல்போன் பாதி வழியிலேயே மௌன விரதம் பூண்டுவிட்டது.

"ரகசியம் ஒண்ணுமில்லே சார். சிக்னல் இல்லே" என்றார் வாத்தியார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அவர் ஊரில் சிக்னல் கிடையாது. பள்ளி விட்டதும் மோட்டார் சைக்கிளில் ஒரு வளைவு வரை வந்தால் அங்கே கொஞ்சம் கிடைக்கும். நான்கு மணிக்கு அங்கே நின்று கோஷ்டியை அனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார். டாஸ் போடுவது ஏழு மணிக்கு. யார் ஆடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே நிச்சயம் ஆடுகிறவர்களையே எடுப்பார்: முதலில் இறங்கி ஆடுகிறவர்கள், நான்கு ஓவரும் முழுதாக வீசுகிறவர்கள். யாரோ காயம் என்றார்கள், யாரோ இன்று அடிப்பார் என்றார்கள் என்ற வதந்தி அவரை எட்டாது. டாஸுக்கும் ஆட்டத்துக்கும் நடுவிலுள்ள அரை மணியில் நாங்கள் பதினொரு பேர் கீழே செய்த அத்தனை அசட்டுத்தனமும் அவருக்கு வாய்க்கவில்லை!

"வகுப்பிலே வலியறிதல் அதிகாரம் நடத்துவேன் சார். தன் வலி அறியணும்னு பையன்களுக்குச் சொல்லுவேன். என் வலி சிக்னல் இல்லாததுதான்னு எனக்கே தெரியாது. டவர் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

ஆமாம், டவர் வந்துவிட்டது. 2025 சீசனுக்குச் சற்று முன்னால் அவர் ஊருக்கும் சிக்னல் கிடைத்தது. வாத்தியாரும் ஏழு மணிக்கு டாஸ் பார்த்தார். ஏழேகாலுக்குக் காப்டனை மாற்றினார். ஏழு இருபதுக்கு மறுபடியும் மாற்றினார். மே மாதத் தொடக்கத்தில் எங்கள் பட்டியலில் அவர் எட்டாவது இடத்தில் இருந்தார்.

சீட்டுக் குலுக்கல்

2025 மே 9-ந் தேதி, எல்லைப் பதற்றம் காரணமாக ஐ.பி.எல். ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. மறுபடி தொடங்கியது 17-ந் தேதி. நடுவில் ஒரு வாரம் டீக்கடையில் வேலை இல்லை. அப்போது மில் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அவரவர் பலவீனத்தை அவரவர் எழுதச் சொன்னால் யாரும் உண்மை எழுதமாட்டார்கள். மற்றவனுடையதை எழுதுவோம், பேர் போடாமல்.

அவர் அறியாமலே ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொட்டுவிட்டார். எமிலி புரோனின் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இதுதான்: பாரபட்சம் என்பது பிறரிடம் நிறைய இருக்கிறது, தம்மிடம் அவ்வளவு இல்லை என்றே மனிதர்கள் நம்புகிறார்கள். அப்படிப்பட்ட கோளாறு ஒன்று உண்டு என்று விளக்கிச் சொன்ன பிறகும், தம்மைப் பற்றிய நினைப்பை மாற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். டீக்கடையில் இதற்கு ஆய்வே வேண்டியதில்லை. அடுத்தவன் கோஷ்டியில் இருக்கும் ஓட்டையை அரை நொடியில் சொல்லிவிடுவார்கள்!

சீட்டுகள் வந்தன. நேற்று அடித்தவனை இன்று வாங்குவார் என்று ஒருவருக்கு. விலை கொடுத்து எடுத்தவனை, ஆடாவிட்டாலும் விடமாட்டார் என்று இன்னொருவருக்கு. வாத்தியாருக்கு ஒரே வாசகம்: "போனைப் பிடுங்கணும்."

எனக்கு வந்த சீட்டுகளில் பல, பத்திரிகைக்காரன் என்பதால் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் குழம்புகிறேன் என்றன. அதை ரசித்தேன், ஏதோ புகழ்ச்சி மாதிரிக்கூட இருந்தது. ஒரு சீட்டு மட்டும் வேறு. "ஜெயிச்சதைச் சொல்றாரு. தோத்ததைச் சொல்றதில்லே."

எழுதியவருக்கு எவ்வளவு தெரியுமோ, எனக்குத் தெரியாது. சங்கத்தில் பணம் கிடையாது என்றேன் அல்லவா? வெளியில் நான் பணம் வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். எந்தக் கம்பெனியில் என்பது முக்கியமில்லை. போட்டது என் விரல். ஒரு கோஷ்டிக்கு 49 ரூபாய். ஒரு சினிமா டிக்கெட்டுக்கும் குறைவு என்று சமாதானம். ஒருமுறை ஜெயித்த 2,000 ரூபாயை அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தேன், மனைவி உள்பட.

அன்றிரவு அண்ணனுடைய முறைப்படி நானும் கணக்கு எழுதினேன். ஆட்டத்துக்கு இரண்டு கோஷ்டி, 98 ரூபாய். சீசனுக்கு 74 ஆட்டம். 7,252 ரூபாய். முதல் இரண்டு சீசனுக்கு மட்டும் 14,504. திரும்பி வந்தது 6,000-க்குச் சற்றுக் கீழே. தொகை என்னைக் கவிழ்த்துவிடவில்லை. மாதச் சம்பளக்காரன் தாங்கக்கூடியதுதான். ஆனால் இத்தனை நாளும் மொத்தத்தில் லாபம் என்றே நான் மனசார நம்பிக்கொண்டிருந்தேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. தோற்ற 49 ரூபாய்கள் ஒவ்வொன்றாக மறந்துபோயின. ஜெயித்த 2,000 மட்டும் மறக்கவில்லை.

மனைவியிடம் கணக்கைக் காட்டினேன். அவள் நோட்டை வாங்கிக் கூட்டலைச் சரி பார்த்தாள். "இந்த சீசனை ஏன் எழுதலே?" என்றாள்.

அன்றோடு நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை, குறைத்தேன். அந்தக் கோடையில் நடந்த இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்குக்கூடச் சில நாள் போட்டேன். பிறகு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். கம்பெனிகள் பணப் போட்டிகளை நிறுத்தின. என்னை நிறுத்தியது என் புத்தியல்ல, சர்க்கார்.

டீக்கடைச் சங்கத்துக்குப் பாதகமில்லை. பிரியாணிக்குத் தடை இல்லையே! அந்த வருஷம் பிரியாணி வாங்கித் தந்தவன் நான்தான்.

வாத்தியாரை அந்த விருந்தில் பார்த்தேன். சீட்டில் இருந்தபடியே மே மாதம் பாதிக்குமேல் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாராம். நான்கு மணிக்குக் கோஷ்டியை அனுப்பிவிட்டு, செல்போனை மனைவியிடம் கொடுத்துவிடுவது. ஒன்பது மணிக்குத்தான் திருப்பி வாங்குவது.

"பலன் இருந்ததா?" என்று கேட்டேன்.

"நாலாவது இடத்துக்கு வந்துட்டேன் சார். ஆனா ஒரு சங்கடம்" என்றார், குரலைத் தாழ்த்தி. "இப்போ ஏழேகாலுக்கு அவங்க காப்டனை மாத்துறாங்க."