பைசலான கடன் அறிக்கையிலும் பைசலாகட்டும்

"கடன் இல்லாத வேளாண்மைதானே நம்ம கொள்கை, நமக்கு எதுக்குங்க சிபில்?" என்று உழவர் கூட்டங்களில் கேட்கிறார்கள். கொள்கை சரிதான். ஆனால் ரசாயனத்தில் இருந்த காலத்தில் வாங்கிய கடன், கட்டி முடித்த பிறகும் நம் பெயரில் நிற்கலாம். மாட்டுக் கொட்டகைக்கோ மரச்செக்குக்கோ கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும். பிள்ளையின் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போதும் வரும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 4 நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் 300-க்கும் 900-க்கும் நடுவே உள்ள அந்த மார்க்கைத்தான் தேடுவார்கள். அதை விடுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

'க்ளோஸ்டு' என்றால் முழுதும் கட்டி முடித்த கடன். 'செட்டில்டு' என்றால் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்து முடித்தது. 'ரிட்டன் ஆஃப்' என்பதை நம் ஆட்கள் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. 2008-ல் மத்திய அரசு அறிவித்தது தள்ளுபடி. அதில் கடனே தீர்ந்தது. ரிட்டன் ஆஃப் என்பது வங்கி தன் கணக்குப் புத்தகத்துக்காகச் செய்துகொள்வது. கடன் அப்படியே உயிரோடு இருக்கும்.

பக்கத்து ஊர் உழவர் ஒருவர் பழைய டிராக்டர் கடனை ஒரே தவணைத் தீர்வில் முடித்தார். "பைசல் பண்ணியாச்சு சார்" என்று நிம்மதியாக இருந்தவர், கறவை மாட்டுக் கடன் கேட்கப் போனபோது அறிக்கையில் முழு பாக்கியும் ரிட்டன் ஆஃப் என்று நின்றது. நல்லவேளை, தீர்வுக் கடிதமும் ரசீதுகளும் பெட்டியில் இருந்தன. நகலெடுத்து, வங்கிக் கிளையில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கச் சொன்னேன். அறிக்கை நிறுவனத்திலும் ஆட்சேபம் பதிவு செய்தோம். வங்கி உறுதி செய்யாமல் அவர்களாகத் திருத்த மாட்டார்கள் என்பதால் இரண்டு பக்கமும் தட்ட வேண்டும்.

பாக்கி பூஜ்யமானது. ஆனால் 'செட்டில்டு' என்ற சொல் போகவில்லை, ஏனென்றால் அது உண்மை. விட்டுக்கொடுத்த தொகையையும் வங்கி ஏற்றுக்கொண்டு, நாம் கட்டி, நிலுவை இல்லாச் சான்று வாங்கினால்தான் 'க்ளோஸ்டு' ஆக வழி உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தவறான பதிவைத் திருத்துவது நம் உரிமை. சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. கடன் விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு வர வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள். தாண்டினால், தாமதம் செய்தவர் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் இந்த ஆணை நடப்பில் இருக்கிறது. அதன் பிறகும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் கிடையாது.

கோர்ட்டு வரை போன கடனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. டிக்ரி ஆன பிறகு வங்கியில் நேராகப் பணம் கட்டினால் கோர்ட்டுக்கு அது தெரியாது. டிக்ரி தீர்ந்தது என்று வங்கி கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால், பணம் கட்டிய 30 நாளுக்குள் நாமே மனுப் போட வேண்டும். நிலம் ஜப்தியில் இருந்தால் நீக்க உத்தரவை வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

"சிபில் க்ளீன் பண்ணித் தர்றோம்" என்று வரும் ஆட்களிடம் பணமும் கொடுக்காதீர்கள், ஓடிபியும் சொல்லாதீர்கள். அவர்கள் செய்வதாகச் சொல்லும் வேலைக்கு ஒரு வெள்ளைத் தாளும் நம் ரசீதுகளும் போதும். பட்டா, பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே கடன் முடித்த காகிதங்களையும் வையுங்கள். இந்த ஆண்டுக்கான இலவச அறிக்கையை, கடன் தேவைப்படாத இப்போதே எடுத்துப் பாருங்கள்.