இன்று பல் துலக்கினீர்களா, சிஸ்டர்?

ஐசியூ வாசலில் காத்துக் கிடக்கும் உறவினர்கள், கதவு திறந்ததும் கேட்பவை பெரும்பாலும் இவைதான்: பிரஷர் எப்படி இருக்கிறது, கண் விழித்தாரா, குழாயை எப்போது எடுப்பீர்கள். "இன்று அவருக்குப் பல் துலக்கினீர்களா, சிஸ்டர்?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது.

நமக்கு எச்சில் புரையேறினால் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். மயக்க மருந்தில் கிடப்பவரால் அது முடியாது. வென்டிலேட்டர் குழாய் வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கும். அதைச் சுற்றி ஒரு சிறு பலூன் ஊதி வைத்திருப்பார்கள். பலூனுக்கு மேல் தேங்கும் எச்சில் அதன் ஓரமாகக் கசிந்து, துளித்துளியாக நுரையீரலுக்குப் போகிறது. வாய் திறந்தே கிடப்பதால் உலர்ந்துவிடும். பல்லில் படியும் ஊத்தையில் சில நாட்களிலேயே மருத்துவமனைக் கிருமிகள் குடியேறும். அவற்றில் பல, சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காதவை. இப்படிக் கசியும் கிருமிகளால், குழாய் போட்டு 48 மணி நேரம் கடந்த பின் வரும் நிமோனியா, தேறி வருபவரையும் மீண்டும் இயந்திரத்தோடு கட்டிப்போட்டுவிடும். உயிரையும் பறிக்கும்.

வாய்ச் சுத்தம் என்றால் குளோர்ஹெக்சிடின் மருந்தால் துடைப்பது என்றே நெடுங்காலம் இருந்தது. 2022இல் அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு அமைப்புகளின் வழிகாட்டுதல் அதை மாற்றியது: பிரஷ்ஷால் துலக்குங்கள், அந்த மருந்து வேண்டாம். மறு ஆண்டு 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பல் துலக்கிவிடப்பட்டவர்களுக்கு நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஐசியூ மரணங்களும் குறைந்திருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும்.

தேவைப்படுவது மெல்லிய முட்களுள்ள சின்ன பிரஷ், எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன், ஒரு நர்ஸின் சில நிமிடங்கள். அந்த நிமிடங்கள்தான் கிடைப்பதில்லை. ஆகவே கோபத்தை நர்ஸிடம் காட்டாதீர்கள். போதிய ஆள் போடாத நிர்வாகத்திடம் கேளுங்கள். நீங்களே பிரஷ்ஷை எடுத்துத் துலக்கவும் முயலாதீர்கள், குழாய் நழுவினால் ஆபத்து. பல்செட், ஆடும் பல், ஈறு வீக்கம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா, மயக்க மருந்தை தினமும் குறைத்துப் பார்க்கிறார்களா என்பதையும் டூட்டி டாக்டரிடம் கேளுங்கள்.

கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம் அதைச் சொல்கிறது. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 முதல் மருத்துவ கவுன்சில் விதி. எழுத்தில் கேட்டு, தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கவனித்தும் நிமோனியா வரலாம். வந்ததாலேயே அலட்சியம் என்றாகிவிடாது. கவனிப்பு நடந்ததா என்பதைப் பதிவேடுதான் காட்டும். தமிழகத்தில் தனியார் மருத்துவமனை மீதான புகாரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கவே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டவர் ஒருவர் உள்ளே இருந்தால், இன்று பார்வை நேரத்தில் முதல் கேள்வியாகப் பல் துலக்கியதைப் பற்றிக் கேளுங்கள்.